எந்தக் கோப்பை யார் பார்க்கலாம்?

இக்கல்லூரியின் பழைய மாணவி என்ற வகையில், நான் செய்யும் தொழிலைப் பற்றி மாணவிகளுக்கு விளங்கும்படி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு சஞ்சிகைப் பொறுப்பாசிரியை கேட்டிருந்தார். என் தொழிலை விளங்கப்படுத்துவது அவ்வளவு இலகுவல்ல. உம்மா அயல் வீட்டாரிடம் "மகள் கம்பியூட்டர் வேலை செய்யுறா" என்று சுருக்கமாக முடித்துவிடுவார். அதற்குமேல் கேட்பவர்களும் குறைவு.

கொழும்பிலுள்ள தனியார் கம்பனியொன்றில் பணியாற்றுகிறேன். அதற்கு வெளியூர்களில் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மனிதவளம், கணக்கு, கொள்வனவு, உற்பத்தி, தரம், ஏற்றுமதி, நிர்வாகம் என ஏழு பிரிவுகள். இந்தப் பிரிவுகளுக்கிடையே நாள் முழுவதும் ஆவணங்கள் போய் வருகின்றன. அவற்றில் எதை யார் திறக்கலாம், எதை யார் திருத்தலாம், எதை யார் பார்க்கவே கூடாது என்பதை ஒழுங்கு செய்வதும், செய்த ஒழுங்கு குலையாமல் பார்த்துக்கொள்வதுமே என் வேலை. கேட்பதற்குச் சுவையற்ற விடயம்தான். ஆனால் நாளை நீங்கள் வங்கியில் அமர்ந்தாலும், வைத்தியசாலையில் அமர்ந்தாலும், பாடசாலை ஆசிரியையாக வந்தாலும் இது உங்கள் மேசைக்கு வந்தே தீரும். பெற்றோரைப் பொறுத்தவரை ஏற்கனவே வந்துவிட்டது. உங்களுடைய அடையாள அட்டைப் பிரதி எத்தனை கணினிகளில் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

முந்திய காரியாலயங்களில் இந்தப் பிரச்சினை இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. இரும்பு அலுமாரி ஒன்று இருக்கும். சாவி தலைமை இலிகிதரிடம் இருக்கும். கணக்குப் பிரிவுக்கு ஒரு கோப்புத் தேவையென்றால் ஒருவர் எழுந்து நடந்து வர வேண்டும், பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும், திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்தத் தாளைப் படிக்க விரும்பாதவர்களும் படிக்கக் கூடாதவர்களும் விலகி நின்றதற்கு அந்த நடையும் ஒரு காரணம். தூரமும் சோம்பலுமே பாதிக் காவல். கணினி செய்த முதற் காரியம் அந்த நடையை இல்லாமற் செய்ததுதான். இப்போது தாள் ஓரிடத்திலும் ஆட்கள் ஓரிடத்திலும் இல்லை. ஒரே ஆவணம் ஒரே நேரத்தில் நாற்பது திரைகளில் திறந்திருக்கலாம். ஆகவே நடையும் பதிவேடும் செய்துவந்த வேலையை வேறொன்று செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் அனுமதி என்று பெயர்.

ஓர் உதாரணத்துடன் சொல்கிறேன். நான் தொழிலுக்குச் சேர்ந்த புதிதில் கணினிப் பழுதுகளைக் கவனிக்கும் சிறு வேலையில்தான் இருந்தேன். அப்போது தொழிற்சாலையொன்றில் தையல் இயந்திரத்தில் பணிபுரிந்த இளம் பெண்ணொருவர் வைத்தியரின் கடிதமொன்றை மனிதவளப் பிரிவில் கொடுத்தார். அவர் கர்ப்பமுற்றிருந்தார். முன்னர் ஒரு தடவை கரு தங்காமற் போனதையும் குறிப்பிட்டு, பாரம் தூக்கும் வேலை கொடுக்க வேண்டாம் என்று வைத்தியர் எழுதியிருந்தார். மனிதவள உத்தியோகத்தர் வழமைபோல அதை ஸ்கேன் செய்து ஊழியரின் கோப்புறையில் இட்டார். அவர் செய்ததில் பிழை ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கோப்புறை மனிதவளப் பிரிவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சம்பளம் கணக்கிடுவதற்கு விடுமுறை விபரம் வேண்டுமென்று எப்போதோ ஒரு காலத்தில் முழுக் கோப்புறையையும் கணக்குப் பிரிவுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆட்களை எந்த வரிசையில் அமர்த்துவது என்று பார்ப்பதற்காக உற்பத்திப் பிரிவுக்கும் திறந்திருந்தார்கள். இரண்டு நாட்களுக்குள் செய்தி தையல் வரிசை முழுவதும் பரவிவிட்டது. அந்தப் பெண் தன் மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. முதல் மூன்று மாதம் கழியட்டும் என்று காத்திருந்தார். காரியாலயத்துக்கு வந்தவர் சத்தம் போடவில்லை. அங்கே நின்ற என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மிஸ், நான் அந்தக் கடிதத்தை ஒரு ஆளுக்கிட்டத்தானே குடுத்தேன்?"

விசாரித்துப் பார்த்ததில், யாரும் எந்தப் பூட்டையும் உடைத்திருக்கவில்லை. எவருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. கடிதத்தைத் திறந்த ஒவ்வொருவருக்கும் அதைத் திறக்கும் அனுமதி இருந்தது. இதுதான் என்னை இந்தத் துறைக்குள் இழுத்துவந்த விடயம். தகவல் கசிவு என்றதும் நாம் எங்கோ ஓர் இருட்டறையில் அமர்ந்திருக்கும் ஹக்கரை நினைக்கிறோம். அன்றாடம் நடப்பது வேறு. தேவைக்கு மேலதிகமாகக் கொடுக்கப்பட்ட அனுமதி, கொடுத்ததை எல்லோரும் மறந்துவிட்ட அனுமதி, இவைதான் பெரும்பாலான சங்கடங்களுக்குக் காரணம்.

அந்தக் கடிதத்தை இப்போது பிரித்துப் பாருங்கள். உற்பத்தி மேற்பார்வையாளருக்குத் தெரிய வேண்டியது என்ன? இந்த ஊழியருக்கு இன்ன திகதி வரை பாரம் தூக்கும் வேலை கொடுக்கக் கூடாது என்பது மட்டும்தான். காரணம் தேவையில்லை. கணக்குப் பிரிவுக்குத் தெரிய வேண்டியது, இந்த மாதம் எத்தனை நாள் விடுமுறை, சம்பளத்துடனா சம்பளமின்றியா என்பது. அது ஓர் எண்ணும் ஒரு சொல்லும். வைத்தியரின் கடிதம் முழுமையாகத் தேவைப்படுவது மனிதவளப் பிரிவில் மருத்துவ விடயங்களைக் கையாளும் ஓரிருவருக்கு மட்டுமே. அதாவது மூன்று பிரிவுகளுக்கும் இந்த விடயத்தில் பங்கு உண்டு. ஆனால் மூன்று பிரிவுகளுக்கும் அந்தத் தாளில் பங்கு இல்லை. பிரிவுகளுக்கிடையிலான பகிர்வில் நான் கற்றுக்கொண்டவற்றுள் ஆகப் பெரியது இதுவே: பகிர வேண்டியது ஆவணத்தை அல்ல, அதிலிருந்து அடுத்தவரின் வேலைக்குத் தேவைப்படும் துண்டை. இப்போது எங்கள் கம்பனியில் வைத்தியக் கடிதங்கள் தனிக் கோப்புறையில் இருக்கின்றன. உற்பத்திப் பிரிவுக்கு மூன்று வரியில் ஓர் அறிவித்தல் போகிறது. அந்த மூன்று வரியைத் தட்டச்சு செய்ய ஒருவருக்கு நாலு நிமிடம் செலவாகிறது. அந்த நாலு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் முன்பு முழு அலுமாரியையும் திறந்து வைத்திருந்தார்கள்.

இந்த யோசனை புதியதல்ல. 1975ஆம் ஆண்டில் ஜெரோம் சால்ட்ஸர், மைக்கல் ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் கணினியில் தகவலைப் பாதுகாப்பது பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஒருவர் தன் வேலையை முடிப்பதற்கு எவ்வளவு அதிகாரம் போதுமோ அவ்வளவை மட்டுமே அவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை எடுத்துக் கூறினார்கள். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கோட்பாட்டை மறுப்பவர் எவருமில்லை, கடைப்பிடிப்பவர்தான் குறைவு.

எவ்வளவு அதிகாரம் என்று கேட்டால், அதற்குப் படிகள் உண்டு. பாடசாலையிலும் வீட்டிலும் நீங்கள் பயன்படுத்தும் கூகுள் டிரைவையே எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பைப் பகிரும்போது எதிரிலுள்ளவரைப் பார்ப்பவராகவோ, கருத்துரையாளராகவோ, திருத்துபவராகவோ ஆக்கலாம். பார்ப்பவர் வாசிக்கலாம், மாற்ற முடியாது. கருத்துரையாளர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம்; உள்ளே கைவைக்க முடியாது. திருத்துபவர் எதையும் மாற்றலாம். பலரும் அறியாத விடயம் என்னவென்றால், தனியாகத் தடுத்து வைக்காவிட்டால் திருத்துபவர் அந்தக் கோப்பை இன்னொருவருக்கும் பகிரலாம். ஆகவே நீங்கள் ஒருவருக்குத் திருத்தும் அனுமதி கொடுக்கும்போது சாவியை மட்டுமல்ல, சாவி வெட்டும் இயந்திரத்தையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். பார்ப்பவருக்கும் தரவிறக்கவும் அச்சிடவும் முடியும்; அதையும் நிறுத்தி வைக்கலாம், ஆனால் திரையைப் படமெடுப்பதை எந்த மென்பொருளாலும் முழுதாக நிறுத்த முடியாது. பார்க்க அனுமதித்தால் அது வெளியே போகக்கூடும் என்று வைத்துக்கொண்டே அனுமதிக்க வேண்டும்.

இன்னொன்று, அனுமதி மேலிருந்து கீழே இறங்கும். ஒரு கோப்புறைக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் இன்று இருப்பவற்றுக்கு மட்டுமல்ல, நாளை இடப்போகும் கோப்புகளுக்கும் செல்லும். மேற்சொன்ன பெண்ணின் கடிதத்துக்கு நேர்ந்ததும் இதுதான். எப்போதோ விடுமுறைப் பட்டியலுக்காகத் திறந்த கதவு, பல வருடங்களுக்குப் பிறகு வந்த கடிதத்துக்கும் திறந்தே கிடந்தது.

ஆட்களுக்குத் தனித்தனியாக அனுமதி கொடுப்பது தொடக்கத்தில் இலகுவாகத் தெரியும். பத்துப் பேர் உள்ள இடத்தில் அது போதும். முந்நூறு பேர் உள்ள இடத்தில் அது சிக்கு விழுந்த நூல்பந்து. ஆகவே பெரிய நிறுவனங்களில் அனுமதியை ஆளுக்குக் கொடுப்பதில்லை, கதிரைக்குக் கொடுக்கிறார்கள். "சம்பள இலிகிதர்" என்றொரு குழு; அந்தக் குழுவுக்கு எவை திறக்கும் என்று ஒரு தடவை தீர்மானிப்பது; அந்தக் கதிரையில் அமர்பவரைக் குழுவில் சேர்ப்பது, எழுந்து போகும்போது நீக்குவது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் நிறுவகத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குனும் இம்முறையை ஒழுங்காக வகுத்து எழுதினார்கள். இன்று உலகமெங்கும் கம்பனிகளிலும் வைத்தியசாலைகளிலும் அடிப்படையாக இருப்பது இதுவே.

கதிரை மாறும்போதுதான் கவனம் தேவை. கொள்வனவுப் பிரிவிலிருந்து ஒருவர் கணக்குப் பிரிவுக்கு மாற்றலாகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய வேலைக்கு வேண்டிய அனுமதியை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுவார். கேட்காவிட்டால் வேலை ஓடாது. பழைய அனுமதியை நீக்குங்கள் என்று எவரும் கேட்டு வருவதில்லை. அது இருப்பதால் யாருக்கும் எந்தத் தடையும் இல்லை. இவ்வாறு பத்து வருடம் பணிபுரிந்த ஒருவரிடம் ஐந்து பிரிவுகளின் சாவிகள் சேர்ந்துவிடும். பொருள் வழங்குபவரின் வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பதியும் கையும், அந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப ஒப்புதல் கொடுக்கும் கையும் ஒன்றாகிவிடும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். நாளை ஏதாவது பணம் காணாமற் போனால் முதலில் சந்தேகிக்கப்படுபவரும் அவரே. தேவையற்ற சாவியைத் திருப்பிக் கொடுப்பது கம்பனிக்கு மட்டுமல்ல, அந்த ஊழியருக்கும் பாதுகாப்பு.

இந்த இடத்தில் நம் ஊர்க் காரியாலயங்களுக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். அனுமதி இல்லை என்று சொன்னால் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். "என்ன மிஸ், என்னை நம்பல்லயா?" என்று கேட்ட சிரேஷ்ட முகாமையாளர்கள் எத்தனையோ பேர். இருபது வருடம் சேவை செய்தவருக்குச் சம்பளப் பட்டியல் திறக்கவில்லை, நேற்று வந்த இலிகிதருக்குத் திறக்கிறது என்றால் அவர் மனம் வருந்துவதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அனுமதி என்பது மதிப்புக்கான பட்டம் அல்ல. வைத்தியசாலைப் பணிப்பாளர் சத்திரசிகிச்சை அறைக்குள் கத்தியைத் தூக்குவதில்லை; அதனால் அவர் மதிப்புக் குறைந்துவிடவும் இல்லை. நான் இப்போது கொடுக்கும் பதில் இதுதான்: "சேர், உங்களை நம்பிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. உங்கட வேலைக்கு இது எப்ப தேவையெண்டு சொல்லுங்க, அண்டைக்கே திறந்து தாறன்." தேவை உண்மையாக இருந்தால் அவர் சொல்லிவிடுவார். பல தடவைகள் அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

இதன் மறுபக்கம், கடவுச்சொல் கேட்பது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண் பிள்ளைகளிடம் இது அடிக்கடி நடக்கிறது. "தங்கச்சி, அவசரமா ஒரு பைல் பாக்கணும், உங்கட பாஸ்வேர்ட சொல்லுங்க" என்று வயதில் மூத்தவர் கேட்கும்போது முகம் முறித்துப் பேச நமக்கு வராது. ஆனால் கணினிக்கு முகம் தெரியாது. எந்தக் கணக்கு, எந்தக் கோப்பை, எத்தனை மணிக்குத் திறந்தது என்று அது குறித்து வைக்கும். பிறகு விசாரணை வந்தால் அங்கே நிற்பது கேட்டவரின் பெயர் அல்ல, உங்கள் பெயர். அனுமதியின்றிக் கணினித் தகவலை அணுகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் குற்றமாகும். "அந்தக் கோப்புக்கு உங்களுக்கே அனுமதி எடுத்துத் தரச் சொல்றன் சேர்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மரியாதையும் கெடாது, சாவியும் கைமாறாது.

லிங்க் பற்றியும் சொல்ல வேண்டும். "லிங்க் உள்ள எவரும்" என்ற தெரிவு, பெயர் எழுதாத சாவி. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வாட்ஸ்அப்பில் போய்க்கொண்டே இருக்கும். யார் திறந்தார் என்று பெயர் சொல்லிக் கேட்க முடியாது. சமையல் குறிப்புக்கும் விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரலுக்கும் அது போதும். ஆட்களின் விபரம் அடங்கிய எதற்கும் அது கூடாது. மின்னஞ்சல் முகவரியைத் தட்டச்சு செய்து, பெயர் குறிப்பிட்டே பகிர வேண்டும்.

ஆட்களின் விபரம் என்றால் என்ன பெரிய விபரம், வெறும் பெயரும் அடையாள அட்டை இலக்கமும்தானே என்று சிலர் கேட்பார்கள். நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணாக இருந்தால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 98564 என்று ஓர் இலக்கம் ஆரம்பித்தால், அவர் பெண், 1998இல் மார்ச் மாத முதல் வாரத்தில் பிறந்தவர் என்று எவரும் விரல் மடக்கிச் சொல்லிவிடலாம். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையிலும் ஆண்டு நான்கு இலக்கமானதைத் தவிர இம்முறையில் மாற்றமில்லை. ஆகவே அடையாள அட்டை இலக்கமுள்ள ஒரு பட்டியலைப் பகிர்பவர், அதிலுள்ள ஒவ்வொரு பெண்ணின் வயதையும் சேர்த்தே பகிர்கிறார். சம்பளப் பட்டியலோ இன்னும் பேசும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். அந்தக் கழிவுத் தொகை ஒன்று கண்ணில் பட்டால் போதும், நிதிக்குரிய சம்பளத்தைக் கணித்துவிடலாம். சம்பளம் என்ற நிரலை மறைத்துவிட்டு, கழிவு நிரலை விட்டுவைத்த பட்டியல்களை நான் கண்டிருக்கிறேன்.

மறைப்பது என்றேன். எக்செல்லில் ஒரு நிரலையோ முழுத் தாளையோ மறைத்து வைப்பது அதை நீக்குவது ஆகாது. பெறுபவர் ஒரே சொடுக்கில் திறந்துவிடலாம். வட அயர்லாந்துப் பொலிஸ் சேவைக்கு 2023 ஓகஸ்டில் நேர்ந்தது இதுதான். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒருவர் ஒவ்வொரு பதவியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். எண்ணிக்கையை மட்டும் கொடுத்திருக்க வேண்டும். அனுப்பிய எக்செல் கோப்பில் மறைக்கப்பட்ட தாள் ஒன்று இருந்தது. அதில் 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் எல்லாம் இருந்தன. இரண்டரை மணித்தியாலம் அது இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியதாகக் கிடந்தது. பொலிஸார் தாக்குதலுக்கு இலக்காகும் பிரதேசம் அது. தான் என்ன தொழில் செய்கிறேன் என்பதை அயலவரிடமே மறைத்து வாழ்பவர்கள் அவர்களில் பலர். பின்னர் அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் 750,000 பவுண் தண்டம் விதித்தார். பெரிய பூட்டும் சாவியும் இல்லாததால் வந்த வினையல்ல இது. வெளியே போகும் பிரதியை உள்ளே பயன்படுத்தும் கோப்பிலிருந்து தனியாகச் செய்யாததால் வந்தது. எண்ணிக்கையை மட்டும் புதிய கோப்பொன்றில் தட்டச்சு செய்திருந்தால் போதுமாயிருந்தது.

சரியானவருக்குச் சரியான அனுமதி கொடுத்தும் கெட்டுப்போன கதையும் உண்டு. பிரித்தானியாவின் மொரிசன்ஸ் பல்பொருள் அங்காடி நிறுவனத்தில் 2013இல் வெளிக் கணக்காய்வாளர்களுக்குச் சம்பளத் தரவுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றைப் பெற்று ஒப்படைக்கும் பொறுப்பு உள்ளகக் கணக்காய்வுப் பிரிவின் சிரேஷ்ட ஊழியர் ஒருவருக்கு வழங்கப்பட்டது. அவர் ஏற்கனவே ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உள்ளாகி நிறுவனத்தின் மீது மனக்கசப்புடன் இருந்தவர். ஒரு பிரதியைத் தனக்கென எடுத்து வைத்து, 2014 ஜனவரியில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஊழியர்களின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு இலக்கம், சம்பளம் எல்லாவற்றையும் இணையத்தில் இட்டார். அவருக்கு எட்டு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஊழியர்கள் நிறுவனத்துக்கெதிராகத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, அவருடைய செயலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2020இல் தீர்ப்பானது. சட்டப்படி நிறுவனம் தப்பியது. அந்த ஒரு இலட்சம் பேரின் விபரங்கள் இணையத்திலிருந்து எங்கெங்கு போயின என்று எவரால் சொல்ல முடியும்?

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, இடைக்கைகளைக் குறைக்க வேண்டும் என்பது. சம்பளப் பிரிவிலிருந்து கணக்காய்வாளருக்கு நேரடியாகப் போக முடிந்த தகவல் மூன்றாவது மேசை ஒன்றில் தங்கிப் போகக் கூடாது. கணக்காய்வு போன்ற காரியங்களுக்குக் கொடுக்கும் அனுமதிக்கு முடிவுத் திகதி இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கான கணக்குகளில் அத்திகதியை முன்கூட்டியே குறித்துவிட்டால் அன்று அனுமதி தானாகவே அற்றுப்போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டுவதே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அதுவும் பிழை. ஏற்றுமதிப் பிரிவில் ஒருவர் கப்பல் ஏற வேண்டிய நாளன்று ஓர் ஆவணத்துக்காக அனுமதி கேட்டு இரண்டு நாள் காத்திருக்க நேர்ந்தால் என்ன செய்வார்? நண்பரிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார். பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்துக்கொள்வார். சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைப்பார். கதவை மிதமிஞ்சி இறுக்கினால் ஆட்கள் ஜன்னலால் போவார்கள், ஜன்னலில் பதிவேடும் இல்லை. அனுமதி கேட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்ற பதில் கிடைக்கும் நிறுவனத்தில்தான் அனுமதி ஒழுங்கு நிலைக்கும். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர் கணினிப் பிரிவினர் அல்லர். எந்தப் பிரிவின் ஆவணமோ அந்தப் பிரிவின் தலைவரே சொல்ல வேண்டும். சம்பளப் பட்டியலை யார் பார்க்கலாம் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பூட்டு மாட்டுபவள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிரிவுத் தலைவருக்கும் அவர் பிரிவின் கோப்புறைகளைத் திறக்கக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியலை அனுப்புகிறேன். சிலர் வாசிக்காமலே எல்லாவற்றுக்கும் சரியிட்டுத் திருப்பியனுப்புவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விடுவேன். "இந்த ஆள் போன வருசமே விலகிட்டாரே!" என்ற குரல் ஒவ்வொரு தடவையும் எங்காவது ஓர் அறையில் எழும்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும், தேவைக்கு மிஞ்சித் திரட்டக் கூடாது என்பன அதன் அடிப்படைகள். உடல்நலம் பற்றிய தகவலை அது விசேட வகையாகவே கருதுகிறது. அந்தத் தையல் தொழிலாளி கேட்ட கேள்வி இப்போது சட்டத்திலும் இடம் பிடித்துவிட்டது. நம்மவர்கள் சாதாரணப் பேச்சில் அமானிதம் என்று சொல்வதும் இதைத்தான்; ஒருவர் நம்பித் தந்த பொருள், தந்த காரியத்துக்கு மட்டும்.

மாணவிகள் இதைப் பழகுவதற்குக் கம்பனி வரை போகத் தேவையில்லை. உங்கள் இலக்கிய மன்றத்தின் அறிக்கைகளும், அங்கத்தவர் பெயர்ப் பட்டியலும், சந்தா விபரமும் இப்போது யாருடைய கணக்கில் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சென்ற வருடச் செயலாளரின் சொந்த ஜிமெயிலில் இருக்கும். அவர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டார். சொந்தக் கணக்கிலுள்ள கோப்புக்கு உரிமையாளர் அவரே. அவர் அழித்தால் உங்களுக்கும் அழியும். இரண்டு வருடங்கள் பயன்படுத்தப்படாத தனிப்பட்ட கணக்குகளை நீக்கலாம் என்ற விதியையும் கூகுள் 2023இல் அறிவித்தது. ஆகவே பொறுப்பாசிரியையின் அனுமதியுடன் மன்றத்தின் பெயரிலேயே ஒரு கணக்கு ஆரம்பியுங்கள். கோப்புகளை அதற்கு மாற்றுங்கள். அங்கத்தவர்களின் தொலைபேசி இலக்கமும் முகவரியும் உள்ள தாளைத் தனியாக வைத்து, தலைவிக்கும் செயலாளருக்கும் மட்டும் பகிருங்கள். கூட்டக் குறிப்பை எல்லோருக்கும் பார்ப்பவராகக் கொடுங்கள். புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும் நாளில் பழையவர்களின் பெயர்களை நீக்கி, கடவுச்சொல்லையும் கணக்கு மீட்புக்கான தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிக் கொடுங்கள்.

வீட்டிலும் ஒருநாள் இரவு வாப்பாவின் தொலைபேசியை வாங்கி டிரைவைத் திறந்து, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்பவற்றின் பிரதிகள் ஒவ்வொன்றிலும் "பகிர்" என்பதைத் தட்டிப் பாருங்கள். யார் யாருடைய பெயர்கள் அங்கே இருக்கின்றன என்று தெரியும். பாஸ்போர்ட் எடுக்கும்போது உதவிய முகவர், வீடு வாங்கப் பேசி விட்டுப்போன தரகர், முந்திய தொழிலிடத்தின் இலிகிதர். பெயருக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியைத் தட்டினால் அனுமதியை நீக்கும் தெரிவு வரும். அவர்கள் ஏற்கனவே தரவிறக்கிய பிரதியை அது திருப்பிக் கொண்டுவராது. ஆனால் நாளை அந்தக் கோப்புறையில் நீங்கள் இடப்போவதை அவர்கள் பார்க்க மாட்டார்கள்.